இரண்டு சொல் தாமதம்

பன்னிரண்டு வயதில் நான் பெரியவர்களை அழவைத்துக்கொண்டிருந்தேன். தினமும் அல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். போதகர் ஐயா கண்ணை மூடி நீண்ட ஜெபத்தைத் தொடங்கியதும் என் வேலை ஆரம்பமாகும். ஒலக்கூருக்குப் பக்கத்தில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்த எங்கள் ஊர்க் கோயிலில் மொத்தம் நாற்பது குடும்பம். அந்த நாற்பது குடும்பத்துப் பெண்களின் முந்தானையும் எந்த நிமிடத்தில் கண்ணுக்குப் போக வேண்டும் என்பது என் பத்து விரலில் இருந்தது. கணக்குப் பரீட்சையில் முப்பத்தைந்தைத் தாண்டத் தெரியாத ஒருத்திக்கு இப்படியொரு பெருமை வேறு எங்கே கிடைத்திருக்கும்?

இந்த வித்தையை எனக்குக் கொடுத்தவர் சித்தப்பா. அவர் கண்டமங்கலத்தில் அறை எடுத்துத் தங்கி, பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பைக்கில் ஊருக்கு வந்துவிடுவார். பாண்டியில் அவர் போய்வந்த ஒரு பெரிய ஜெபக்கூட்டத்தில், ஜெபத்துக்கு அடியில் கீபோர்டு ஓடிக்கொண்டே இருக்குமாம். மீசை வைத்த ஆண்களே தேம்பித் தேம்பி அழுவார்களாம். நம் ஊரில் மட்டும் ஏன் எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஆற்றாமை. ஒரு சனிக்கிழமை பழைய கீபோர்டு ஒன்றைப் போர்வையில் சுற்றி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னைத் திண்டிவனத்தில் ஒரு கீபோர்டு வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

எங்களுக்குள் ஒரு ஜாடை இருந்தது. ஜெபத்தின் நடுவே சரியான இடம் வந்ததும் சித்தப்பா சட்டைப் பையிலிருக்கும் பேனாவை எடுத்து, பார்த்துவிட்டு, மறுபடியும் குத்திக்கொள்வார். உடனே நான் வயலின் கூட்டம் போலக் கேட்கும் பொத்தானை அழுத்தி, மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கி ஒரு சோகமான கார்டைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றுவேன். போதகர் ஐயாவின் குரலும் அதோடு சேர்ந்து ஏறும். மூக்கை உறிஞ்சும் சத்தம் முதலில் பால்காரம்மாவிடமிருந்து வரும். அவரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அவர் எங்கள் வீட்டு மிக்ஸி ஓடினாலே கண் கலங்குகிறவர். அவருக்கு அடுத்து யார் என்பதுதான் முக்கியம். ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேர் வரை அழவைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அப்பா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எழுதி, விசில் ஊதி அனுப்புகிற உத்தியோகம். ஓடிவந்து படியில் தொற்றுகிறவர்களைப் பார்த்து அவர் இரங்கியதாக ஊரில் ஒரு கதையும் கிடையாது. கோயிலில் பாட்டு நடத்துகிற பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. அங்கேயும் அதே விசில்தான், கண்ணுக்குத் தெரியாதது. பாட்டு இழுக்கக் கூடாது, ஆராதனை பதினொன்றுக்கு முடிய வேண்டும், கண்ணீர் வருகிறவர்களுக்கு வரட்டும், அதற்கென்று நேரம் ஒதுக்க முடியாது. இதுதான் அவர் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாரம் தவறாமல் இந்த விவாதம் நடக்கும்.

"மனசு எளகாம ஜெபம் எப்டிண்ணா உள்ள எறங்கும்? காஞ்சி கெடக்கிற நெலத்துல ஏரு ஓடுமா? மொதல்ல தண்ணி விடணும்ல" என்பார் சித்தப்பா.

"தண்ணி விடு, நான் வேணாங்கல. நீ கண்ணுல மொளகாப் பொடியல்ல தூவிகினு இருக்கிற."

"அழுவறது இன்னா பாவமா?"

"அழுவறது பாவமில்லடா. நாமளே அழுவ வச்சிட்டு, ஆவியானவரு எறங்கிட்டாருன்னு சொல்றியே, அதான் எனக்கு ஒத்துக்கல. எறங்கினது இந்தப் பொண்ணோட வெரலு."

அப்பா என்னைப் பாராட்டுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சோற்றைப் பிசைந்த விரல்களைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் சேராத ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார். அப்பாவின் அக்கா வீட்டுக்காரர், என் மாமா. அவர் திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் முப்பது வருஷமாக மெஷின் ஓட்டியவர். அந்தச் சத்தத்திலேயே காது பாதி போய்விட்டது. படிக்கவும் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். பாட்டுப் புத்தகம் அவருக்கு விசிறிக்கொள்ளத்தான் உதவும். அதனால் கோயிலில் அவர் பாடியது ஒரே ஒரு பாட்டுதான். எங்கள் ஊரில் முன்பு இருந்த உபதேசியார் ஒருவர் கட்டிய பாட்டு அது, அச்சான எந்தப் புத்தகத்திலும் இல்லை. 'காட்டு வழியானாலும் கூட வாரும்' என்று ஒவ்வொரு சரணமும் முடியும். வாரா வாரம் ஆராதனை அந்தப் பாட்டில்தான் தொடங்கும்.

அந்த ஒரு பாட்டையும் மாமா நேராகப் பாடியதில்லை. இரண்டு சொல் பின்தங்கித்தான் பாடுவார். காது மந்தம் என்பதால் அத்தையின் வாயைப் பார்த்துப் பாடுவார். எங்கள் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், பாய்களில் உட்காருவோம். நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி. அத்தை பெண்கள் பக்கத்தில் வழியோரமாக உட்காருவாள். மாமா ஆண்கள் பக்கத்தில் வழியோரமாக. பாட்டு தொடங்கியதும் அத்தை பலிபீடத்தைப் பார்க்காமல் வலது பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து பாடுவாள். அவள் வாயில் வந்த சொல் அவர் கண்ணில் ஏறி, அவர் வாய்க்கு வந்து சேர இரண்டு சொல் நேரம் ஆகும். சபை முழுவதும் 'கூட வாரும்' என்று முடித்து வாயை மூடிய பிறகு, ரைஸ் மில் குரலில், தன்னந்தனியாக, மாமாவின் 'கூட வாரும்' வரும்.

அப்பாவுக்கு அது பெரிய பேஜாராக இருந்தது. "இன்னா மாமா, வண்டி கெளம்பி ஒலக்கூரே தாண்டிடுச்சி. நீங்க இன்னும் டிக்கெட்டே வாங்கலியே" என்று ஆராதனை முடிந்ததும் காதருகில் போய்ச் சத்தமாகச் சொல்வார்.

"அடுத்த வண்டில வர்றேன் மாப்ள. நீ போய்க்கினே இரு" என்று மாமா சிரிப்பார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிடும், ஆனால் மறுவாரமும் திட்டுவார்.

என் கஷ்டம் அப்பாவின் கஷ்டத்தைவிடப் பெரியது. ஒரு சரணம் முடிந்ததும் அடுத்ததற்கான சின்ன இசைத்துணுக்கை நான் வாசிக்க வேண்டும். மாமா முடிக்கிற வரை வாசிக்க முடியாது. வாசித்தால் அவர் குரல் அதன்மேல் ஏறி இரண்டும் நாசமாகும். எனவே கட்டைகளிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பேன். சபையும் காத்திருக்கும். மாமாவின் வால் வந்து சேர்ந்ததும் அடுத்த சரணம் ஓடும். இரண்டு வருஷம் இப்படி ஒவ்வொரு வாரமும் அவருக்காகக் கையைத் தூக்கியிருக்கிறேன். திண்டிவனம் வகுப்பில் மாஸ்டர், "சரணம் முடிஞ்சதும் ஏம்மா கைய தூக்கிக்கிற?" என்று கேட்பார். எங்கள் ஊரில் ஒருவர் லேட்டாக வருவார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

பொங்கல் கழிந்த வாரம் மாமா மில்லிலேயே இறந்துபோனார். மெஷினை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அத்தை அழவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அழவில்லை, அடக்கத்தின்போதும் அழவில்லை. மில்லிலிருந்து வந்தவர்களுக்குக் காபி போயிற்றா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி எத்தனை வந்தது, எத்தனை திரும்ப வேண்டும் என்று கேட்டாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழும்போது அவர்களின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். முதல் வாரத்தில் எல்லோரும் அவளைத் தைரியசாலி என்றார்கள். மூன்றாம் வாரத்தில் அம்மாவின் முகத்தில் பயம் வந்துவிட்டது. அத்தை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள், பிள்ளைகள் இல்லை, சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். ஒரு தோசையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். மல்லாட்டை உரிக்க உட்கார்ந்தால் முறம் நிறைய உரித்துவிடுவாள், ஒரு கடலைகூட வாயில் போடமாட்டாள். இரண்டு முறை கிணற்றடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். திண்டிவனத்தில் டாக்டரிடம் காட்டியதில், உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுதான், அழுது தீர்த்துவிட்டால் நல்லது என்று சொல்லி அனுப்பினார்.

கோயிலுக்கு மட்டும் தவறாமல் வந்தாள். அதே வழியோரம்தான் உட்கார்ந்தாள். ஆனால் பாடுவதில்லை. எந்தப் பாட்டுக்கும் உதடு அசையவில்லை.

சித்தப்பா ஒரு சனிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவருக்கும் அது அக்காதான். "டாக்டரு சொன்னத கேட்டல்ல பாப்பா. அக்கா அழுவணும். ஒரு தபா அழுதுட்டா சரியாப் பூடும். அது ஒன் கைலதான் இருக்குது."

என்னிடம் யாரும் அதுவரை இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்ததில்லை. டாக்டரால் முடியாததை நான் செய்யப்போகிறேன். எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. பதினேழு பேரை அழவைத்தவளுக்குப் பதினெட்டாவது ஆள் ஒரு பொருட்டா?

அதற்குள் இன்னொரு அதிசயமும் நடந்திருந்தது. மாமாவை அடக்கம் பண்ணிய வாரமே அப்பா ஆரம்பப் பாட்டை மாற்றிவிட்டார். உபதேசியார் பாட்டு போதும், கொஞ்ச நாளைக்குப் புதுப் பாட்டு ஏதாவது பாடலாம் என்று அவராகவே சொன்னார். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, அண்ணன் நம்ம வழிக்கு வந்துட்டாரு" என்று என் தோளைத் தட்டினார். நானும் அப்படித்தான் நம்பினேன். கையைத் தூக்கிக் காத்திருக்கிற தொல்லையும் ஒழிந்தது என்று மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது. அதற்காக இப்போதும் என்னை மன்னிக்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முழுவதும் அத்தையை அழவைக்க முயன்றேன். முதல் வாரம் வயலின். அத்தை, போதகர் ஐயாவின் தலைக்கு மேலே சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாரம் புல்லாங்குழல் சத்தத்தையும் சேர்த்தேன். இருபத்திரண்டு பேர் அழுதார்கள், உபதேசியாரின் மருமகன்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தை பக்கத்திலிருந்த குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். மூன்றாம் வாரம் சித்தப்பா பேனாவை மூன்று முறை எடுத்துக் குத்தினார். நான் கார்டை விடாமல் பிடித்ததில் போதகர் ஐயாவால் ஜெபத்தை முடிக்கவே முடியவில்லை. முடிக்கப் போகும்போதெல்லாம் இசை அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. ஆராதனை பதினொன்றேகாலுக்கு முடிந்தது. அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு வெளியே வரும்போது அத்தை என் கையைப் பிடித்து, விரல் விரலாக நீவிவிட்டாள்.

"இவ்ளோ நேரம் அமுத்திகினு இருந்தியே, வலிக்கலியா?"

"இல்ல அத்தை. ஒங்களுக்கு எப்டி இருந்திச்சி?"

அத்தை கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "தூக்கம் வருது பாப்பா" என்றாள்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, அந்த மட்டும் தூக்கமாவது வந்ததே என்று அம்மா நன்றி சொன்னாள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டில் அப்பா சித்தப்பாவிடம், குரலை உயர்த்தாமல், "அக்காவ விட்டுடு" என்றார்.

"அது நல்லா ஆவணும்னு ஒனக்கு இல்லியாண்ணா?"

"இருக்குது. அதுக்குத்தான் சொல்றேன். அது கோயிலுக்கு வர்றதே உக்கார ஒரு எடம் வேணும்னுதான். அங்கயும் போயி நாம பிடுங்கிகினு இருந்தா அது எங்க போவும்?"

சித்தப்பா எழுந்து கை கழுவினார். நான் அப்பாவுக்கு இசை ஞானம் போதாது என்று முடிவு பண்ணினேன்.

இந்த இடத்தில் இப்போதைய நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். விழுப்புரத்தில் ஒரு பெரிய சபையில் இன்றும் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிக்கிறேன். ஆராதனையில் உணர்ச்சியே கூடாது என்கிறவர்களோடு சண்டைக்குப் போவேன், அது இல்லாத இடத்தில் நான் ஒரு நாளும் உட்காரமாட்டேன். பொத்தானை அழுத்தி அதை வரவழைக்கலாம் என்கிறவர்களோடும் சண்டைக்குப் போவேன், அது என்னால் முடியும் என்பதாலேயே. பாட்டு கதவைத் திறந்து வைக்கலாம். பிடரியைப் பிடித்து உள்ளே தள்ளக் கூடாது. இவ்வளவு தெளிவாகப் பேச எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை இன்னும் அழவில்லை என்பதுதான்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பனங்குருத்தை ஏந்திக்கொண்டு காலையில் தெருவெல்லாம் சுற்றிவந்து, கோயில் வாசலில் நுழையும்போது உபதேசியார் பாட்டைப் பாடிக்கொண்டே நுழைவது வழக்கம். அது யாரும் உத்தரவு போட்டு நடப்பதல்ல, யாராலும் நிறுத்தவும் முடியாது. அப்பா அதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன், அல்லது நினைவிருந்தும் முப்பது பிள்ளைகளின் வாயை எப்படி அடைப்பது என்று விட்டிருப்பார். நான் ஊர்வலத்துக்குப் போகவில்லை. அன்றைய ஜெபத்துக்கென்று புதிதாக ஒரு சத்தம் கண்டுபிடித்து வைத்திருந்தேன், அதைப் பழகிப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

பிள்ளைகள் வாசலுக்கு வந்ததும் பாட்டு தொடங்கிவிட்டது. எழுந்து நின்ற பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டரை மாதமாகப் பாடாத பாட்டு, பூட்டி வைத்த வீட்டைத் திறந்த மாதிரி எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். நானும் சுருதியைக் கண்டுபிடித்து வாசிக்க ஆரம்பித்தேன். துக்கமாகவெல்லாம் வாசிக்கவில்லை. ஓலையை ஆட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளின் நடைக்கு ஏற்றபடி, நல்ல வேகத்தில்தான் வாசித்தேன். முதல் சரணம் முடிந்தது. 'காட்டு வழியானாலும் கூட வாரும்.'

என் கை கட்டைகளிலிருந்து தானாக மேலே எழுந்தது.

நான் எழுப்பவில்லை. இரண்டு வருஷப் பழக்கம் எழுப்பியது. எனக்கு மட்டும் என்றால் ஒரு சின்னத் தடுமாற்றத்தோடு போயிருக்கும். ஆனால் மொத்தச் சபையும் நின்றது. நாற்பது குடும்பமும், முப்பது பிள்ளைகளும், பாட்டு நடத்துகிற அப்பாவும், அடுத்த சரணத்துக்குப் போகாமல் அப்படியே நின்றார்கள். இரண்டு சொல் நேரம். மின்விசிறி சுற்றுகிற சத்தமும் ஓலை உரசுகிற சத்தமும் மட்டும் கேட்டன. நாங்கள் எல்லோரும் மாமா பாடி முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

அத்தை வலது பக்கம் முகத்தைத் திருப்பினாள். வழிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பாயின் ஓரத்தில், அவர் உட்காருகிற இடத்தில் யாரும் இல்லை. அந்த இடத்தை இரண்டரை மாதமாக ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அத்தை அந்த வெறும் பாயைப் பார்த்தாள். பிறகு அழுதாள்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, சத்தம் போட்டு, குழந்தை மாதிரி அழுதாள். அம்மா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். நான் பதறிப்போனேன். பாட்டின் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளியை விட்டுவிட்டேனே, அதை அடைக்க வேண்டுமே என்று அவசரமாக வயலின் பொத்தானைத் தேடினேன். அப்பா இரண்டே எட்டில் வந்து என் கைமேல் கையை வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார். அத்தை அழுது முடிக்கிற வரை அவர் இரண்டாம் சரணத்தைத் தொடங்கவில்லை. பஸ்ஸை நேரத்துக்கு அனுப்புகிற மனிதர் கையில் கடிகாரம் இருந்தும் அதைப் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் சித்தப்பா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். கண் சிவந்திருந்தது.

"இன்னா கார்டு வாசிச்ச பாப்பா?"

"ஒண்ணும் வாசிக்கல சித்தப்பா."

"பொய் சொல்லாத. அந்த எடத்துல இன்னா போட்ட?"

"நெஜமா ஒண்ணுமே போடல. தப்பு பண்ணிட்டேன். கைய எடுத்துட்டேன்."

அவர் என்னை நம்பாமல், திரும்பிப் போய்க் கீபோர்டின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டையையும் தொடவில்லை. அந்த வாரத்துக்குப் பிறகு ஜெபத்தின் நடுவே அவர் பேனாவை எடுத்ததும் இல்லை.

மத்தியானம் அத்தை இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் தட்டை யாரும் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக. வேலை முடிந்துவிட்டது, ஆனால் அதை நான் செய்யவில்லை. எனக்கு அது உறுத்தியது. என் திறமையால் நடக்காமல் என் தப்பால் நடந்தது என்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இனி அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று பாட்டு நோட்டில் அந்தப் பாட்டின் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'நிற்காதே' என்று எழுதிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஈஸ்டர். விடியற்காலையிலேயே எல்லோரும் குளித்து, புதுத்துணி உடுத்தி வந்துவிட்டார்கள். ஆரம்பப் பாட்டு எது என்று அப்பாவிடம் கேட்டேன். "நம்ம பாட்டுதான்" என்றார். சித்தப்பாவின் புதுப் பாட்டு வரிசை என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன், அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

பாட்டு தொடங்கியது. நான் நோட்டைப் பிரித்து, சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். முதல் சரணம் கடைசி வரிக்கு வந்தது. சபை 'கூட வாரும்' என்று முடித்த மறு நொடியே, கையைத் தூக்காமல், அடுத்த சரணத்துக்கான இசையைத் தொடங்கினேன். அப்பா என் பக்கம் கையை நீட்டினார். உள்ளங்கை எனக்கு நேராக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பின்னால் எடுக்கிற வண்டியை நிறுத்துவதற்கு அவர் காட்டுகிற கை. நான் நிறுத்தினேன். சபையும் நின்றது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், வாய் திறக்கவில்லை.

எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று. பிறந்ததிலிருந்து பாடுகிற பாட்டு, ஈஸ்டர் நாளில், அத்தனை பேர் முன்னால் மறந்துபோயிற்று. பாவமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் கீபோர்டின் மேல் சாய்ந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மேட்டு நிலம், மேட்டு நிலம்" என்று இரண்டாம் சரணத்தின் முதல் சொற்களை எடுத்துக்கொடுத்தேன். அப்பாவுக்குக் கேட்டது, ஏனென்றால் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் பாடவில்லை.

அப்போது பெண்கள் பக்கம் வழியோரத்திலிருந்து ஒரு குரல், இரண்டு சொல் தாமதமாக, தன்னந்தனியாக, 'கூட வாரும்' என்றது. அத்தை பாடியதைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவளுக்கும் தாளம் தப்பிவிட்டதே, இது என்ன குடும்பம் என்று நினைத்தேன். அப்பா கையை இறக்கினார். இரண்டாம் சரணம் போயிற்று. அதன் முடிவிலும், மூன்றாவதின் முடிவிலும், அப்பா அதேபோல் மறந்து நின்றார், நானும் அலுத்துக்கொள்ளாமல் எடுத்துக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, அப்பாவுக்கு வயதாகிறது என்ற செய்தியைச் சொன்னேன். மூன்று இடத்தில் வரி மறந்துவிட்டது, நான் இல்லையென்றால் மானம் போயிருக்கும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன்.

அம்மா கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நல்ல வேள, நீ இருந்த" என்றாள். "அடுத்த வாரமும் மறந்துடுவாரு. நீ பாத்துக்கோ."

நானும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.